எட்டு வளங்கள், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம்: ஜப்பானிய மொழியைத் தனியாகப் படிப்பவர் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

நிலை

சென்னையில் மென்பொருள் வேலை. வகுப்பில் சேர நேரம் ஒத்துவரவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானிய மொழியைத் தானே படிக்கத் தொடங்குகிறார். வார நாட்களில் தினம் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் இரண்டிரண்டு, ஆக வாரத்துக்கு ஒன்பது மணி. டிசம்பர் முதல் ஞாயிறன்று நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்4 நிலை தேறுவது இலக்கு (என்5 தொடக்க நிலை, என்4 அதற்கு அடுத்த படி). மே கடைசியில் என்5 மாதிரித் தாளைப் போட்டுப் பார்க்கிறார். சொற்கள் தெரிகின்றன, இலக்கணக் கேள்விகள் பாதி தேறுகின்றன, கேட்டல் பகுதியில் ஒன்றும் பிடிபடவில்லை. மீதி ஆறு மாதத்தை, சரியாகச் சொன்னால் 26 வாரத்தை, எப்படிச் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

இது தனி ஒருவரின் கதை அல்ல. தனியாகப் படிப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் பழக்கங்களை ஒரே ஆள் மேல் ஏற்றிக் கணக்குப் பார்க்கிறோம். நிமிடக் கணக்குகள் அந்த மாதிரிக்கு உரியவை. தேர்வு, நூல், செயலி பற்றிய எண்கள் உண்மையானவை.

மே மாதம் இவர் கையில் இருந்தவை: கெங்கி பாடநூல், மின்னா நோ நிஹோங்கோ பாடநூல், விளையாட்டு மாதிரிப் பாடம் நடத்தும் கைபேசிச் செயலி, எழுத்துப் பழக இன்னொரு செயலி, ஆன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் 6000 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைக் கதை சொல்லி நினைவில் வைக்கும் நூல், யூடியூபில் ஒரு பாடத்தொடர். இவை போக டெலிகிராம் குழுவிலிருந்து இறக்கிய பிடிஎஃப் கோப்புகள் ஒரு கூடை.

நேரம் எங்கே போனது

ஆன்கியில் புதிய அட்டை நாளுக்கு 20 என்பது நிறுவியதும் வரும் அமைப்பு. இவர் அதை மாற்றவில்லை. புதிய அட்டை எத்தனையோ அதைப்போல ஏழு எட்டு மடங்கு மீள்பார்வை சில வாரத்தில் வந்து நிற்கும். 20 என்றால் சுமார் 160 அட்டை. அட்டைக்குப் பத்து நொடி வைத்தாலும் நாளுக்கு 27 நிமிடம், வாரத்துக்கு மூன்று மணிக்கு மேல். விளையாட்டுச் செயலி தினம் கால் மணி. தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்று அதை மட்டும் ஒருநாளும் விடவில்லை. வாரத்துக்கு ஒன்றே முக்கால் மணி அதற்கு. காணொளி ஒரு மணி, கான்ஜிக் கதைநூல் ஒரு மணி. கூட்டினால் ஏறக்குறைய ஏழு மணி. இரண்டு பாடநூல்களுக்கும் சேர்த்து மிஞ்சியது இரண்டு மணி.

21 வாரத்தில் பாடநூலுக்குக் கிடைத்தது 42 மணி. அதில் கெங்கியில் ஐந்து பாடம், மின்னாவில் ஒன்பது பாடம் முடிந்தன. பாடத்துக்கு மூன்று மணி என்பது மோசமான வேகம் அல்ல. ஆனால் கெங்கியின் முதல் ஐந்தும் மின்னாவின் முதல் ஒன்பதும் பெரும்பாலும் ஒரே நிலம்: இது அது, ‘மஸு’ வடிவ வினை, கடந்த காலம், பெயரடை, பிடிக்கும் பிடிக்காது. செயலியும் காணொளியும் நடத்தியதும் அதையேதான். ஜப்பானிய வாக்கியத்தைத் தொடுத்துப் பேச வைக்கும் ‘தெ’ வடிவம் கெங்கியில் ஆறாம் பாடத்தில் வருகிறது, மின்னாவில் பதினான்காம் பாடத்தில். இரண்டு நூலையும் மாறிமாறிப் படித்ததால் இரண்டிலும் அதற்கு முன்பாகவே நின்றுவிட்டார். மின்னாவை மட்டும் பிடித்திருந்தால், அதே 42 மணியில் பதினான்காம் பாடம் முடிந்திருக்கும்.

2010-க்கு முன்பு ஜேஎல்பிடி நான்கு நிலைகளாக நடந்தபோது, அன்றைய நான்காம் நிலைக்கு 150 மணி நேரம், சுமார் 800 சொல், 100 கான்ஜி என்றும், மூன்றாம் நிலைக்கு 300 மணி, 1500 சொல், 300 கான்ஜி என்றும் வழிகாட்டுக் குறிப்பு இருந்தது. இன்றைய என்5, என்4 ஏறக்குறைய அவற்றின் இடத்தில்தான் இருக்கின்றன. இவர் செலவிட்டது 189 மணி. என்5-க்கு மணிக்கணக்கில் குறையே இல்லை. தொடக்க நிலைப் பாடத்தை நான்கு வாயிலாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் கோளாறு. தொடக்க நிலைக்குத்தான் சந்தையில் பொருள் அதிகம், அதனால் தொடக்கத்தில்தான் ஆட்கள் தேங்குகிறார்கள்.

கேட்டலுக்குக் கிடைத்த நேரம் சுழியம். இதன் விலை என்ன என்று மதிப்பெண் முறையைப் பார்த்தால் தெரியும். என்5, என்4 இரண்டிலும் எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்ந்த பகுதிக்கு 120, கேட்டலுக்கு 60. என்5 தேற மொத்தம் 80 வேண்டும், என்4 தேற 90. அதோடு முதல் பகுதியில் 38-உம் கேட்டலில் 19-உம் தனித்தனியே எடுத்தாக வேண்டும். முதல் பகுதியில் 74, கேட்டலில் 17 எடுத்தவருக்கு மொத்தம் 91. ஆனாலும் தோல்விதான். ஒலி ஒருமுறைதான் ஒலிக்கும், திரும்பக் கேட்க வழியில்லை.

கணக்கில் வராத ஒன்பதாவது வளம்

இவருக்குத் தமிழ் தெரியும். மேலே சொன்ன எட்டில் ஒன்றுகூட இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லாமே ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து விளக்குபவை. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதற்கு ஜப்பானியம் ‘கினோ கத்த ஹொன்’. நேற்று, வாங்கிய, புத்தகம்: சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கில வழி நூல் இதற்குத் தனித் தலைப்புப் போட்டுப் பக்கக் கணக்கில் விளக்கும். தமிழருக்கு மூன்று எடுத்துக்காட்டு போதும்.

‘தெ’ வடிவம் நம் வினையெச்சம். அதன்மேல் ஏறும் துணைவினைகளும் நம்முடையவை போலவே நடக்கின்றன. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘தபெதெ ஷிமாவ்’ சாப்பிட்டுவிடு. ‘கத்தெ ஒகு’ வாங்கி வை. ‘கத்தெ குரு’ வாங்கி வா. ‘தொ ஒமொவ்’ என்று நினை. ‘மொ’ நம் உம்: நானும், அவனும். ‘தாரெகா’ யாரோ. ‘கொரே, சொரே, அரே’ என்ற மூன்று சுட்டில் நடுவில் உள்ளது கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும். பழந்தமிழின் உகரச் சுட்டும் இடைப்பட்ட இடத்தைச் சுட்டியதுதான். யாழ்ப்பாணத்தார் ‘உது’, ‘உங்கே’ என்று இன்றும் பேசுவதால் அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சூசுமு ஓனோ வாதிட்டதும், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்காததும் வேறு வழக்கு. படிப்பவருக்கு ஒப்புமை பயன்பட்டால் போதும்.

சொல் அட்டையில்கூட இது உதவும். ‘தொமரு’, ‘தொமேரு’ இரண்டுக்கும் ஆங்கில அகராதிகள் ‘ஸ்டாப்’ என்றே போடும். அட்டையின் பின்பக்கம் அப்படியே இருந்தால் இரண்டும் குழம்பிக்கொண்டே இருக்கும். நில், நிறுத்து என்று எழுதினால் குழப்பம் அன்றோடு தீர்ந்தது. ‘ஒகிரு, ஒகொசு’ எழு, எழுப்பு. ‘கொவரேரு, கொவசு’ உடைந்தது, உடைத்தான். தன்வினை பிறவினை இணைகள் மின்னாவின் இரண்டாம் பாகத்தில் வரிசையாக வரும். அவற்றுக்குத் தமிழ்ப் பொருள்தான் எழுத வேண்டும்.

எழுத்து அட்டவணையும் அந்நியம் அல்ல. அ, இ, உ, எ, ஒ என்ற உயிர் வரிசையும், க, ச, த, ந என்று போகும் மெய் வரிசையும் சித்தம் என்ற இந்திய எழுத்துவழிச் சமஸ்கிருதப் படிப்பிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒழுங்கு. கானா எனப்படும் ஒலியெழுத்துகளில் ஹிரகானா 46, கதகானா 46 என்ற அடிப்படை எழுத்துகளுக்கு இரண்டு வாரம் தாராளம். எழுத்துப் பழக்கும் செயலியை மூன்றாம் வாரமே நீக்கியிருக்கலாம்.

தமிழ் ஏமாற்றும் இடம்

இலக்கணத்தில் மூன்று குழிகள். முதலாவது இடவேற்றுமை. ‘சென்னையில் இருக்கிறேன்’, ‘சென்னையில் வேலை செய்கிறேன்’ இரண்டிலும் நமக்கு ‘இல்’தான். ஜப்பானியத்தில் இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘தெ’ என்று ஒலிக்கும் வேறொரு உருபு. (இந்த ‘தெ’ குரலொலி, அதாவது தொண்டை அதிர ஒலிப்பது. மேலே சொன்ன வினை வடிவத்தின் ‘தெ’ வேறு.) இரண்டாவது, ‘எனக்குப் புரியும்’ என்பதை அப்படியே ‘வதஷி நி’ என்று தொடங்குவது. அங்கே ‘வதஷி வ’ என்று ஆரம்பித்து, புரிகிற பொருளுக்கு ‘க’ உருபு போட வேண்டும். மூன்றாவது, ‘நீங்கள்’ என்ற மரியாதைக்கு ‘அனாதா’வைப் போடுவது. எதிரில் இருப்பவரைப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைப்பதே வழக்கம். அனாதா பல இடத்தில் முறைப்பாக விழும்.

இவற்றைவிடப் பெரிய குழி ஒலியில் இருக்கிறது, அதைத் தமிழ் எழுத்து மூடி மறைக்கிறது. கானா எழுத்தில் இரண்டு சிறு கோடு சேர்ந்தால் வல்லொலி குரலொலி ஆகும், பொருளே மாறும். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் வேறுபாடு முதல் மெய்யில் மட்டும். இரண்டையும் தமிழில் ‘தென்கி’ என்றுதான் எழுதுவோம். பல்கலைக்கழகத்துக்கான சொல்லும் படிப்பை விட்டு நிற்பதற்கான சொல்லும் அப்படியே: இரண்டும் ‘தைகக்கு’. சிப்பிக்கும் சாவிக்கும் நடு மெய் வேறு. நாம் எழுதினால் இரண்டும் ‘ககி’, வாசித்தால் இரண்டும் சாவி. இதே கட்டுரையில் ‘தபெதெ’ என்று எழுதியிருப்பதை இயல்பாக வாசித்தால் கடைசி மெய் குரலொலியாகிவிடும். ஜப்பானியர் காதுக்கு அது வேறு ஒலி. அதனால் தமிழ் எழுத்தில் உச்சரிப்புக் கொடுக்கும் கையேடு, ‘30 நாளில் ஜப்பானிய மொழி’ வகைச் சிறு நூல், எதுவானாலும் முதலில் ஓரம் வைக்க வேண்டியது அதுதான். சொல்லிப் பார்க்க உதவும், காதைக் கெடுத்துவிடும்.

நெடில் குறிலும் ஒற்று இரட்டிப்பும் நமக்குப் பலம். ‘பிரு’ கட்டடம், ‘பீரு’ மது. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. ஆங்கிலம் பேசுபவர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. அதற்கென்று தனிப் பயிற்சி விற்கும் காணொளிகளை நாம் தாண்டிப் போகலாம்.

வெட்டியதும் வைத்ததும்

ஒரு வளத்தை வைத்துக்கொள்ள இந்த ஆய்வில் ஒரே அளவுகோல்: மற்ற எதுவும் செய்யாத வேலை ஒன்றை அது செய்கிறதா? அந்த வேலைகள் நான்கே. பாடத்தை வரிசையாக நகர்த்தும் முதுகெலும்பு ஒன்று, மறக்காமல் காக்கும் அட்டை ஒன்று, கான்ஜி ஒன்று, காதுக்கு ஒன்று.

முதுகெலும்புக்கு மின்னா. கெங்கி நல்ல நூல், அதில் சந்தேகம் இல்லை. 1999-இல் முதற்பதிப்பு, 2020-இல் மூன்றாம் பதிப்பு, இரண்டு பாகத்தில் 23 பாடம், 317 கான்ஜி உள்ளேயே கற்றுத்தரப்படுகிறது. ஆங்கில வழியில் நிதானமாக விளக்கம் வேண்டுபவருக்கு அதுவே மேல். ஆனால் இவருக்கு விளக்கம் குறைவாகவும் வாக்கியப் பயிற்சி அதிகமாகவும் இருப்பதுதான் லாபம். மின்னாவின் முதன்மை நூல் முழுக்க ஜப்பானியம். இலக்கணக் குறிப்பும் மொழிபெயர்ப்பும் தனி நூல், அதுவும் சுருக்கம். இரண்டு பாகம், 25 பாடம் வீதம் 50. இந்தியப் பதிப்பு கிடைக்கிறது. இங்கே பல வகுப்புகளில் இதுவே பாடநூல் என்பதால், நடுவில் ஆசிரியரிடம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாங்கும்போது மூன்று பார்க்க வேண்டும்: இரண்டாம் பதிப்புதானா, ஒலிப்பதிவு உண்டா, பயிற்சி விடைகளும் கேட்டல் எழுத்துவடிவமும் இணைப்பாக உள்ளனவா. விடை இல்லாத நூல் தனியாகப் படிப்பவருக்கு உதவாது. டெலிகிராம் கூடையில் இருந்தது முதற்பதிப்பின் வருடிய பிரதி, ஒலிக்கோப்புகளோ இரண்டாம் பதிப்பின் ஒலி. பாடம் ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்லும். ‘எனக்குக் கேட்கவே வரவில்லை’ என்ற புலம்பலில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பொருத்தமின்மையால் வருவது.

மின்னாவின் குறை, முதன்மை நூலில் கான்ஜியைக் கற்றுத் தராது. கான்ஜிக்கு மேல் ஃபுரிகானா, அதாவது வாசிப்பைக் காட்டும் சிறு கானா, போட்டுவிடும், கண் அந்தச் சிறு எழுத்தையே வாசிக்கும். வாசிப்புப் பத்தியை இரண்டாம் முறை படிக்கும்போது, துண்டு அட்டையால் வரிக்கு மேலுள்ள ஃபுரிகானாவை மறைத்துப் படிக்க வேண்டும். அற்பமான யோசனை மாதிரித் தெரியும், விட்டால் இருபதாம் பாடத்துக்கு மேல் தெரியும்.

வேலைக்காக ஜப்பான் போக, குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவை நினைப்பவருக்கு முதுகெலும்பே வேறாகலாம். அந்த வழிக்கு ஜேஎல்பிடி என்4-க்கு மாற்றாக ஜேஎஃப்டி பேசிக் தேர்வு 2019 முதல் நடக்கிறது. ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் இரோதோரி நூலும் ஒலியும் அங்கே வாழ்வதற்கான சூழல்களை வைத்தே எழுதப்பட்டவை.

அட்டைக்கு ஆன்கியே இருக்கட்டும், 6000 அட்டைக் கட்டு வேண்டாம். ஆயத்தக் கட்டுகளில் பொருளாதாரமும் அரசாங்கமும் முன்னாலேயே வந்து நிற்கும், ‘சோப்பு’ எங்கோ பின்னால் கிடக்கும். கட்டை அழிக்காமல் எல்லா அட்டைகளையும் இடைநிறுத்தி, அன்றைய மின்னாப் பாடத்தில் வரும் சொல்லைத் தேடி அதை மட்டும் திறந்துவிட்டால் ஒலியோடு கூடிய அட்டை ஆயத்தமாகக் கிடைக்கும். இல்லாத சொல்லுக்குத் தானே எழுத வேண்டும்: முன்பக்கம் பாடநூல் வாக்கியம், ஃபுரிகானா இல்லாமல். பின்பக்கம் வாசிப்பும் தமிழ்ப் பொருளும். புதிய அட்டை நாளுக்கு 10. மீள்பார்வை 80 ஆகும், கால் மணிக்குள் முடியும். மீள்பார்வை உச்சவரம்பு 200 என்று இருப்பதை 9999 ஆக்க வேண்டும். வரம்பு நிலுவையை மறைக்கும், குறைக்காது. அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் முறையை இயக்கி, நினைவு விகிதத்தை 0.9-இல் விடலாம். நிலுவை 150-ஐத் தாண்டினால் அது வடியும்வரை புதிய அட்டை சுழியம். ஆண்ட்ராய்டில் ஆன்கிடிராய்டு இலவசம், ஐஃபோனில் விலைக்குத்தான்.

குரலொலிக் குழிக்கென்று இருபது அட்டை மட்டும் தனியாக: முன்பக்கம் ஒலி மட்டும், எழுத்தே இல்லை. வானிலையா மின்சாரமா, சிப்பியா சாவியா? முதல் வாரம் பாதிக்குப் பாதி தவறினால் திகைக்க வேண்டாம், காது இதுவரை அந்த வேறுபாட்டைத் தேடியதே இல்லை.

கான்ஜிக் கதைநூலை இந்த 26 வாரத்துக்கு அலமாரியில் வைக்கிறோம். அவ்வகையில் புகழ்பெற்ற நூலின் முதற்பாகம் 2200 கான்ஜிக்கு வடிவமும் ஒரு பொருள்சொல்லும் தரும், வாசிப்பைத் தராது. இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு அது சரி. என்4 கேட்பது சுமார் 300 கான்ஜி, சொல்லுக்குள் வைத்து, வாசிப்போடு. வானிகானி மாதிரிச் சந்தாத் தளம் 60 படிகளில் ஏறக்குறைய 2000 கான்ஜியைத் தரமாக நடத்துகிறது, முதல் மூன்று படி இலவசம். ஆனால் அதன் வரிசை வடிவ எளிமையைப் பொறுத்தது, விரும்பிய இடத்துக்குத் தாவ முடியாது. தேதி குறித்த தேர்வுக்கு இடைஞ்சல். இவருக்கு நாளுக்கு இரண்டு கான்ஜி போதும். ஒவ்வொன்றுக்கும் பாடத்தில் ஏற்கெனவே வந்த ஒரு சொல். ‘ஓன்’ (சீனவழி), ‘குன்’ (ஜப்பானியவழி) வாசிப்புகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண். முதல் நூறைக் கையால் எழுதிப் பழகினால் கோட்டு வரிசை கைவந்துவிடும். பிறகு எழுதுவது விருப்பம், ஏனென்றால் ஜேஎல்பிடியில் எல்லாம் விடை தெரிவுக் கேள்வி. எழுதவும் பேசவும் சொல்வதே இல்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கோளாறு உண்டு. கைபேசியின் மொழிப் பட்டியலில் ஜப்பானியம் இல்லையென்றால், சில கான்ஜிகளைச் சீன எழுத்துருவில் காட்டிவிடும். ‘நாவோசு’, அதாவது சரிசெய், என்ற வினையின் கான்ஜியை நூலிலும் திரையிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடிப்பகுதி இரண்டிலும் வேறாக இருக்கும். தவறான வடிவத்தை மாதக்கணக்கில் பழகியவர்கள் உண்டு. அமைப்புகளில் மொழிப் பட்டியலின் இரண்டாம் இடத்தில் ஜப்பானியத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆன்கி அட்டையின் வார்ப்புருவில் மொழி ஜப்பானியம் என்று குறிப்பிடுவதும் நல்லது.

காதுக்கு முதலில் மின்னாவின் சொந்த ஒலியே போதும். உரையாடலை நூல் மூடி மூன்று முறை, பிறகு திறந்து ஒருமுறை, பிறகு ஒலியோடு கூடவே வாய்விட்டு நான்கு முறை. பார்த்துக்கொண்டே கேட்பது வாசிப்புப் பயிற்சி, கேட்டல் ஆகாது. ஜேஎல்பிடி நடத்துபவர்கள் 2012-இலும் 2018-இலும் வெளியிட்ட அதிகாரபூர்வ மாதிரித் தாள் தொகுதிகள் இரண்டும் ஒலியோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் உண்மையான அளவுகோலாகப் பயன்படும். என்4 தாள் ஒன்றை முப்பத்தைந்தாம் பாடம் முடிந்ததும், மற்றொன்றை நவம்பர் நடுவிலும் எடுக்க வேண்டும். இப்போதே இரண்டையும் திறந்து பார்த்துவிடுவது பெரும் வீண்.

விளையாட்டுச் செயலி, எழுத்துச் செயலி, யூடியூப் தொடர், கெங்கி நான்கும் வெளியே. யூடியூபைக் கேள்வி வந்தபோது மட்டும் தேடலாம்: ‘வ’வா ‘க’வா என்று முட்டும்போது ஒரு காணொளி, அவ்வளவே. சந்தேகம் தீர்க்கச் செயற்கை நுண்ணறிவு உரையாடியைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ‘தெ’ வடிவத்தில் இருபது பயிற்சி வாக்கியம் கேட்டால் நன்றாகத் தரும். இரண்டு சொல்லுக்கிடையே நுண்ணிய வேறுபாடு கேட்டால், இல்லாத வேறுபாட்டையும் உறுதியான குரலில் சொல்லிவிடும். அந்த மாதிரிக் கேள்விக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதியே நம்பகம். இணையத்தில் ஜிஷோ, ஆண்ட்ராய்டில் தகொபொதோ இரண்டும் இலவசம். ‘அதிகாரபூர்வ என்4 சொற்பட்டியல்’ என்று விற்பதை மட்டும் வாங்க வேண்டாம். 2010-க்குப் பிறகு அப்படி ஒரு பட்டியல் வெளியிடப்படுவதே இல்லை, புழங்குபவை பழைய நிலைகளை வைத்துச் செய்த ஊகங்கள்.

புதிய வாரம்

பாடம் வாரத்துக்கு இரண்டு, நான்கரை மணி. அட்டை ஒன்றே முக்கால். கான்ஜி ஒன்றே கால். கேட்டல் ஒன்றரை. ஒன்பது மணி ஆயிற்று. மிச்சமுள்ள 41 பாடத்துக்கு 21 வாரம், சறுக்கலுக்கு 2, மாதிரித் தேர்வுக்கு 3.

பாடத்துக்கு இரண்டே கால் மணி என்பது மே வரை ஆன மூன்று மணியைவிடக் குறைவு. சொல் மனப்பாடம் அட்டைக்குப் போய்விட்டது, ஆங்கில விளக்கத்தை வரிவரியாகப் படிப்பதும் நின்றது, அந்த மிச்சம்தான் இது. ஒரு பாடத்தில் வரிசை இப்படி: மாதிரி வாக்கியங்களைத் தமிழில் சொல்லுக்குச் சொல் ஒட்டிப் பார்க்க 15 நிமிடம். ஒட்டாத இடம் எதுவோ அதற்கு மட்டும் இலக்கணக் குறிப்பு நூல். பிறகு ‘பி’ பயிற்சி முழுவதும் வாய்விட்டு ஒரு மணி. எழுதிச் செய்வது பாதி போதும். உரையாடல் 20 நிமிடம். பாட இறுதிக் கேள்விகளும் விடை சரிபார்ப்பும் மீதி நேரம். தவறிய வாக்கியம் மறுநாள் அட்டையாகும்.

முப்பதாம் பாடத்துக்குப் பிறகு கேட்டல் நேரத்திலிருந்து அரை மணியை வாசிப்புக்குத் திருப்ப வேண்டும். ‘ததொகு’ என்ற மிகுவாசிப்புக்காகப் படிநிலைச் சிறு நூல்களை ஒரு ஜப்பானியத் தன்னார்வ அமைப்பு இலவசமாகத் தருகிறது. மிக எளிதான படியில் தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டு, ஒட்டவில்லையென்றால் வேறு நூல் எடு என்பதே அதன் விதி. என்4-இல் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்து 55 நிமிடம்தான். நிறுத்தி நிறுத்தி வாசிப்பவருக்குக் கடைசிப் பத்தி கண்ணிலேயே படாது.

எங்கே மறுபடி சறுக்கும்

முதல் சறுக்கல் மூன்றாம் வாரம் தொடங்கும். பதினான்காம் பாடத்தில் ‘தெ’ வடிவம், பதினேழில் எதிர்மறை வடிவம், பதினெட்டில் அகராதி வடிவம், பத்தொன்பதில் ‘த’ வடிவம், இருபதில் சாதாரண நடை. பொருள் தமிழருக்கு உடனே புரியும், அதுவே ஆபத்து: புரிந்துவிட்டது என்று தாண்டிப் போவார்கள், வடிவம் வாயில் வராது. அந்த மூன்று நான்கு வாரமும் தினம் பத்து வினையை எல்லா வடிவத்திலும் சொல்ல வேண்டும். கேட்டல் நேரத்தில் கால் மணியைத் தியாகம் செய்தாலும் தகும்.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கல் வினைகள். இருபத்துநான்காம், நாற்பத்தொன்றாம் பாடங்கள். பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’, எனக்குத் தந்தால் ‘குரெரு’. தா, கொடு என்ற பழைய வேறுபாடு நம் பேச்சில் இன்று மங்கிவிட்டதால் இங்கே தமிழ் பாதி வழிதான் வரும். நேரம் இரட்டிப்பாகும் என்று முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும். முப்பத்தேழாம் பாடத்துச் செயப்பாட்டு வினையும் நாற்பத்தெட்டு முதல் வரும் செய்விக்கும் வினையும் மரியாதைச் சொற்களும் இப்படித்தான்.

மூன்றாவது, புதுப் பொருள் ஆசை. பன்னிரண்டாம் வாரம் வாக்கில் சலிப்பு வரும், யாரோ ஒருவர் புதுச் செயலியைப் புகழ்வார். தடை போட வேண்டாம். அந்தச் செயலி நான்கு வேலையில் எதைச் செய்கிறது என்று பார்த்து, அந்த வேலையில் இருக்கும் பழையதை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். முதுகெலும்பை மட்டும் நடுவில் மாற்றக் கூடாது. மின்னாவின் இருபதிலிருந்து கெங்கியின் ஒன்பதுக்குத் தாவினால், சொற்கள் வேறு, வரிசை வேறு, மூன்று வாரம் போகும்.

விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும், அப்போது நிலையைத் தேர்ந்தாக வேண்டும். ஆகஸ்ட் முடிவில் கணக்குப்படி முப்பத்தைந்தாம் பாடத்தில் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டியிருந்தால் என்4 போடலாம். இருபத்தைந்துகூட முடியவில்லையென்றால் என்5. இடையில் நின்றால் கேட்டலை வைத்து முடிவெடுக்கலாம்: படித்து முடித்த பாடம் ஒன்றின் உரையாடலை, நூல் பார்க்காமல் ஒரே தடவை கேட்டு, யார் யாரிடம் என்ன கேட்டார், என்ன முடிவாயிற்று என்று சொல்ல வருகிறதா? வராவிட்டால் என்5 போட்டுவிட்டு, அடுத்த ஜூலைக்கு என்4 வைத்துக்கொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.